டிராப்பிஸ்ட் மடத்து பீர் குடிக்க பெல்ஜியம் போறீங்களா? டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி இதப் படிச்சிடுங்க

டிராப்பிஸ்ட்ங்குறது கத்தோலிக்க துறவிங்களோட ஒரு சபை, அவங்க மடத்துலயே காய்ச்சுறதுதான் டிராப்பிஸ்ட் பீர். மொத தடவ நான் போனப்போ மூணு மணி நேரம் ரயில்ல போயி, பஸ் இல்லாம ஏழு கிலோமீட்டர் நடந்து, வாசல்ல நின்னா கதவு சாத்தியிருந்துச்சு, அன்னிக்கு அவங்க வார விடுமுறை. திறந்திருந்தா மட்டும் பீர் காய்ச்சுற ப்ரூவரிக்குள்ள விட்டிருப்பாங்களான்னா அதுவும் இல்லன்னு அப்புறமாத்தான் தெரிஞ்சுது. நான் நெதர்லாந்துல ஐந்தோவன்ல வேலை பாக்குறேன், பெல்ஜியம் பார்டர் பக்கம்தான், அதனால திரும்பத் திரும்பப் போயி ஒவ்வொண்ணா கத்துக்க முடிஞ்சுது. ஆனா ஊர்ல இருந்து பத்து நாள் லீவுல வர்றவங்களுக்கு ரெண்டாவது வாய்ப்பு கிடையாது. போன வருஷம் என் சித்தப்பா பையன் மதுரைல இருந்து வந்தான், அவனுக்காக எல்லாத்தையும் ஒரு நோட்ல எழுதி வச்சேன், அந்த நோட்டுதான் இது. இந்த மடங்க யாரு எப்ப கட்டுனதுங்குற கதையெல்லாம் இதுல இல்ல.

1. உள்ள விடமாட்டாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டே கிளம்புங்க

"மடத்துக்குப் போறோம், துறவிங்க பீர் காய்ச்சுறத பாக்குறோம், அவங்க கையால ஒரு கிளாஸ் வாங்கிக் குடிக்கிறோம்", இப்படித்தான் எல்லாரும் நினைச்சுட்டு வர்றாங்க. அது நடக்காதுங்க. இந்த மடங்க டூரிஸ்ட்டுக்காக நடக்கல, அங்க ஆளுங்க நிஜமாவே வாழ்றாங்க, விடியறதுக்கு முன்னாடி எழுந்து ஒரு நாளைக்கு பல வேளை ஜெபம், நடுவுல வேலை, மிச்ச நேரம் மௌனம். பீர் காய்ச்சுறது அந்த வாழ்க்கைய நடத்துறதுக்கான வருமானம், அவ்ளோதான். பெல்ஜியத்து மடங்கள்ல வெஸ்ட்வ்லெட்டரன், வெஸ்ட்மாலெ, ரோஷ்ஃபோர், ஷிமே, இந்த நாலுலயும் ப்ரூவரி பொதுமக்களுக்குத் திறக்கிறதில்ல. ஓர்வால்ல வழக்கமா செப்டம்பர்ல ரெண்டு நாள் மட்டும் திறப்பாங்க, அதுக்கும் முன்கூட்டியே பதிவு பண்ணணும், சீக்கிரம் நிறைஞ்சிடும். ப்ரூவரிய உள்ள போயி பாத்தே ஆகணும்னா நெதர்லாந்துல டில்பர்க் பக்கத்துல இருக்குற கோனிங்ஸ்ஹூவன் மடத்துக்குப் போங்க, லா டிராப் பீர் அங்கதான் வருது, கைடோட சுத்திப் பாக்கலாம்.

அப்ப மத்த இடத்துக்கு எதுக்குப் போகணும்? பெரும்பாலும் மடத்துக்கு எதிர்லயோ பக்கத்துலயோ ஒரு கஃபே இருக்கும். அந்த பீர் எந்த நிலைல, எந்த கிளாஸ்ல, எந்த குளிர்ச்சில இருக்கணுமோ அப்படியே அங்க கிடைக்கும். சில இடத்துல வெளில எங்கயும் கிடைக்காத பீரும் இருக்கும். நீங்க போற இடம் அந்த கஃபேதான்னு இப்பவே முடிவு பண்ணிட்டா ஏமாற்றம் இருக்காது.

2. எது நிஜ மடத்து பீர்னு பாக்கக் கத்துக்கோங்க

தமிழ்நாட்டுல எந்த பஸ் ஸ்டாண்டுல இறங்குனாலும் "திருநெல்வேலி அல்வா"ன்னு போர்டு இருக்குமே, அதே கதை இங்கயும் இருக்கு. லேபிள்ல ஒரு துறவி படம், ஒரு கோபுரம், ஒரு புனிதர் பேரு போட்டு நூத்துக்கணக்குல பீர் விக்குது. பேருக்குப் பின்னாடி ஒரு மடம் இருக்கலாம், ஆனா காய்ச்சுறது பெரிய கம்பெனியோட ஃபாக்டரில. லெஃப்ங்குற பீர் அப்படித்தான், லூவன் ஊர்ல பெரிய ப்ரூவரில தயாராகுது. குடிக்க நல்லாவே இருக்கும், நான் குறை சொல்லல, ஆனா நீங்க தேடி வந்தது அது இல்ல.

பாட்டில்ல அறுகோண முத்திரை ஒண்ணு இருக்கான்னு பாருங்க, உள்ள "ஆதென்டிக் டிராப்பிஸ்ட் ப்ராடக்ட்"னு எழுதியிருக்கும். அந்த முத்திரைக்கு மூணு நிபந்தனை. மடத்துச் சுவருக்குள்ளயோ மடத்துக்கு ஒட்டியோ தயாராகணும், துறவிங்களோ அவங்க மேற்பார்வைலயோ நடக்கணும், வருமானம் மடத்தோட செலவுக்கும் தர்ம காரியத்துக்கும் போகணும். துறவிங்க இல்லாமப் போனா முத்திரையும் போயிடும். ஆக்கெல்னு ஒரு மடம் இருந்துச்சு, 2021ல அங்க தங்கி இருந்த துறவிங்க யாரும் இல்லாம ஆனதும் முத்திரையும் போயிடுச்சு, அப்புறம் இடமே கைமாறிடுச்சு. ஆஸ்திரியாவுல ஏங்கல்ஸெல் மடமும் 2023ல மூடிட்டாங்க. பழைய ட்ராவல் லிஸ்ட்ட வச்சுக்கிட்டு ரூட் போட்டீங்கன்னா இந்த ரெண்டுலயும் மாட்டிக்குவீங்க.

3. எல்லாத்தையும் பாக்கணும்னு ஆசப்படாதீங்க, ரெண்டோ மூணோ போதும்

மேப்ல பாத்தா பெல்ஜியம் சின்ன நாடுதான். ஆனா இந்த மடங்க எல்லாம் வேணும்னே ஊருக்கு ஒதுக்குப்புறமா கட்டுனது, ரயில் ஒரு ஊரு வரைக்கும்தான் போகும், மிச்சத்த நீங்கதான் பாத்துக்கணும்.

ரொம்ப சுலபம் வெஸ்ட்மாலெ. ஆண்ட்வெர்ப்ல இருந்து பஸ் ஒரு மணி நேரத்துக்குள்ள கொண்டு போய் விட்டுடும், மெயின் ரோட்டுலயே கஃபே டிராப்பிஸ்டன், எதிர்ப்பக்கம் மடம். இங்க அடர் நிற டுப்பெல்ல ஆல்கஹால் 7%, பொன்னிற டிரிப்பெல்ல 9.5%. டுப்பெல் குழாய்ல இருந்து நேரா வரும். உள்ளூர்க்காரங்க ரெண்டையும் பாதிக்குப் பாதி கலந்து "ஹாஃப் ஹாஃப்"னு கேட்டு வாங்குறாங்க, கண்டிப்பா கேளுங்க. மொத தடவ வர்றவங்க இதுலேருந்து ஆரம்பிக்கிறதுதான் என் சிபாரிசு.

அடுத்தது லா டிராப். டில்பர்க் ஸ்டேஷன்ல இறங்கி பஸ்ஸோ சைக்கிளோ, அஞ்சு கிலோமீட்டர் போல வரும். கைடட் டூர் இருக்கு, பெரிய டேஸ்டிங் ஹால் இருக்கு, கோதுமை பீர்ல இருந்து 10% க்வாட்ருப்பெல் வரைக்கும் வகையும் நிறைய. ஒரே சிக்கல், டூர் பெரும்பாலும் டச்சுல நடக்கும், இங்கிலீஷ் டூருக்கு நேரம் தனி, புக் பண்றப்போ மொழிய பாத்து புக் பண்ணுங்க. நான் பாக்காம பண்ணி, ஒரு மணி நேரம் மத்தவங்க சிரிச்சப்போ எதுக்குன்னு தெரியாமலே நின்னேன்.

வெஸ்ட்வ்லெட்டரன், இதுக்காகத்தான் பாதி பேர் வர்றீங்கன்னு தெரியும். இது ஊரோட பேரு, மடத்தோட பேரு சின்ட் சிக்ஸ்டஸ். எதிர்ல "இன் டெ வ்ரேடெ"ன்னு கஃபே. மூணே பீர், ப்ளாண்ட் 5.8%, எட்டாம் நம்பர் 8%, பன்னிரண்டாம் நம்பர் 10.2%. வெளிக் கடைகள்ல விக்கக் கூடாதுங்குறது மடத்தோட கொள்கை, அதனால நியாயமான விலைல குடிக்கணும்னா இந்த கஃபேதான். பிரஸ்ஸல்ஸ்லயும் ப்ரூஜ்லயும் டூரிஸ்ட் கடைகள்ல ஒரு பாட்டில பல மடங்கு விலைக்கு வச்சிருப்பாங்க, அது மடத்தோட விருப்பத்துக்கு மாறா போயி சேர்ந்த சரக்கு. தயவுசெஞ்சு அங்க வாங்காதீங்க, அந்த காசுக்கு நேராவே போயிட்டு வந்துடலாம்.

ஓர்வால் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். ஃப்ரான்ஸ் பார்டர் பக்கம் காட்டுக்கு நடுவுல இருக்கு, பழைய மடத்தோட இடிபாடுகள டிக்கெட் வாங்கி சுத்திப் பாக்கலாம், அதனால குடிக்காதவங்க கூட வந்தா அவங்களுக்கும் ஒரு நாள் வீணாகாது. பீர் ஒண்ணே ஒண்ணுதான், 6.2%, ஆனா ப்ரெட்டனோமைசஸ்னு ஒரு காட்டு ஈஸ்ட் போடுறதால மாசக் கணக்குல பாட்டிலுக்குள்ளயே ருசி மாறிக்கிட்டே இருக்கும். பக்கத்துல "ஆ லான்ஜ் கார்தியென்" கஃபேல புதுசு வேணுமா பழசு வேணுமான்னு கேப்பாங்க. ரெண்டும் ஒவ்வொண்ணு வாங்கி பக்கத்துல பக்கத்துல வச்சு குடிங்க, ஒரே பீர்னு நம்பவே மாட்டீங்க. துறவிங்க குடிக்கிற லைட்டான "ஓர்வால் வேர்"னு ஒண்ணு இருக்கு, அதுவும் இங்க கிடைக்கும், கடைல பாட்டில்ல வராது.

ஷிமே போக கார் இருந்தா மட்டும் யோசிங்க, ஊருக்கு ரயிலே கிடையாது. போத்தோப்ரேன்னு ஒரு விடுதி, அதுல கண்காட்சி ஒண்ணு, டிக்கெட்டோட ஒரு சின்ன கிளாஸ் பீர், அங்கேருந்து மடத்துத் தோட்டத்துக்கும் கோயிலுக்கும் நடந்தே போகலாம். ரோஷ்ஃபோர்ல மடத்துக்குன்னு கஃபேயே இல்ல, கோயில்ல ஜெபத்துக்குப் போய் உக்காரலாம், பீர ஊருக்குள்ள ஏதாவது கஃபேல குடிக்கலாம். 11.3% பத்தாம் நம்பர் அவங்களுது, அருமையான பீர். ஆனா அதுக்காக மட்டும் ஒரு நாள ஒதுக்கணுமான்னா, மொத ட்ரிப்ல வேண்டாம்.

ம்யூனிக் பக்கம் இருக்கிறவங்க பெல்ஜியம் வரைக்கும் வரவே தேவயில்ல, எஸ்8 ரயில்ல கடைசி ஸ்டேஷன் ஹெர்ஷிங்ல இறங்கி காட்டுப் பாதைல ஒரு மணி நேரம் மேல ஏறுனா ஆண்டெக்ஸ் மடம். டிராப்பிஸ்ட் இல்ல, பெனடிக்ட் சபை, ஆனா பீர் மடத்தோடதுதான், பெரிய குடில்ல உக்காந்து குடிக்கலாம்.

4. தேதிய மடத்தோட காலண்டர பாத்து போடுங்க

எல்லாரும் ஃப்ளைட்ட புக் பண்ணிட்டு அப்புறம் மடத்தப் பாக்குறாங்க. தலைகீழாப் பண்ணுங்க. பல கஃபே வாரத்துல ஒண்ணு ரெண்டு நாள் லீவு, அது ஞாயித்துக்கிழமையா இருக்காது, வார நடுவுல எதாவது ஒரு நாளா இருக்கும், ஏன்னா ஞாயித்துக்கிழமைதான் அவங்களுக்கு கூட்டம். அது போக வருஷத்துல சில வாரம் முழுசாவே சாத்துவாங்க, குறிப்பா புத்தாண்டு முடிஞ்சதும் ஜனவரில. கூகுள் மேப்ல போட்டிருக்கிற நேரத்த நம்பாதீங்க, கஃபேயோட சொந்த வெப்சைட்ல போயி "விடுமுறை" பக்கத்த பாருங்க, டச்சுல "ஹெஸ்லோடன்", ஃப்ரெஞ்சுல "ஃபெர்மே"ன்னு இருந்தா மூடியிருக்குன்னு அர்த்தம்.

சாயங்காலம் போயிக்கலாம்னும் நினைக்காதீங்க. மடத்துப் பக்கத்து கஃபே நம்ம ஊரு பார் மாதிரி பெரும்பாலும் ராத்திரி பதினோரு மணி வரைக்கும் ஓடாது, சிலது ஏழு மணிக்கே கிளாஸ எடுத்து வைக்க ஆரம்பிச்சிடும், கிச்சன் அதுக்கும் முன்னாடியே சாத்திடும். காலைல பதினொன்னு பன்னெண்டுக்குப் போய் சேர்ற மாதிரி பிளான் போடுங்க. ஞாயித்துக்கிழமை மதியம் சைக்கிள் குரூப்பும் குடும்பங்களும் மொத்தமா வந்துடுவாங்க, நாற்காலி கிடைக்காது, செவ்வாய் புதன் மாதிரி நாள்தான் நிம்மதி, ஆனா அந்த நாள் திறந்திருக்கான்னு பாத்துக்கோங்க.

மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் நல்ல சீசன். நவம்பர், டிசம்பர்ல நாலரை அஞ்சு மணிக்கெல்லாம் இருட்டிடும், லைட் இல்லாத ரோட்டுல சைக்கிள் ஓட்டிட்டு திரும்புறது பயமா இருக்கும்.

5. பேப்பர் வேலை

நெதர்லாந்து, ஜெர்மனி மாதிரி ஷெங்கன் (ஒரே விசால போய்வர்ற ஐரோப்பிய நாடுங்க) நாட்டு ரெசிடென்ஸ் பர்மிட் வச்சிருக்கிறவங்களுக்கு தனி விசா வேணாம். ஆனா கார்டையும் பாஸ்போர்ட்டையும் ரெண்டையும் கைல வச்சுக்கோங்க, பார்டர் தாண்டுற ரயில்ல சில சமயம் செக் பண்ணுவாங்க, போன்ல இருக்குற ஃபோட்டோ செல்லாது.

ஊர்ல இருந்து வர்றவங்களுக்கு ஷெங்கன் விசா. பெரியவங்களுக்கு ஃபீஸ் 90 யூரோ, விண்ணப்ப மையத்தோட சர்வீஸ் சார்ஜ் தனி, ரிஜெக்ட் ஆனாலும் திரும்பி வராது. பயணத்துக்கு 6 மாசம் முன்னாடியில இருந்து 15 நாள் முன்னாடி வரைக்கும் போடலாம்னு விதி. முடிவு வர சாதாரணமா 15 நாள், இழுத்தா 45 நாள். அதவிட அப்பாயின்ட்மென்ட் கிடைக்கிறதே லேட் ஆகும், ஏப்ரல் மே லீவு சீசன்ல மூணு மாசம் முன்னாடியே ஆரம்பிச்சிடுங்க. பாஸ்போர்ட், நீங்க ஊருக்குத் திரும்புற தேதிக்கு அப்புறம் 3 மாசமாவது செல்லணும், 10 வருஷத்துக்குள்ள எடுத்ததா இருக்கணும், ரெண்டு பக்கம் காலியா இருக்கணும். மெடிக்கல் இன்சூரன்ஸ் குறைஞ்சது 30,000 யூரோவுக்கு. அஞ்சு வருஷத்துக்குள்ள ஏற்கனவே ஷெங்கன் விசாவுக்கு கைரேகை குடுத்திருந்தா அதையே எடுத்துக்க முடியும், பழைய விசா காப்பிய கூட வைங்க.

இப்ப பொறி எங்கன்னா, எந்த நாட்டுல அதிக நாள் தங்குறீங்களோ அந்த நாட்டுக்குத்தான் விசா போடணும். சித்தப்பா பையன் என் வீட்டுல தங்கப் போறான்னு நெதர்லாந்துக்கு ரெடி பண்ணிட்டான், ஆனா அவன் போட்ட ரூட்ல அஞ்சு ராத்திரி பெல்ஜியம், நாலு ராத்திரிதான் நெதர்லாந்து. கவுண்டர்ல கேள்வி வந்து, எல்லாத்தையும் மாத்தி எழுதி, இன்னொரு அப்பாயின்ட்மென்ட் வாங்கி, ஒரு மாசம் போச்சு. ஹோட்டல் புக்கிங்கையும் ரூட்டையும் பக்கத்துல வச்சு ராத்திரிய விரல் விட்டு எண்ணிட்டு அப்புறம் ஃபார்ம தொடுங்க. ரெண்டும் சமமா வந்தா மொதல்ல எந்த நாட்டுல நுழையறீங்களோ அதுக்குப் போடணும்.

ரூட்ல "மடங்கள், பழைய கட்டிடங்கள், உள்ளூர் உணவு"ன்னு நேர்மையா எழுதலாம், தப்பே இல்ல. வயசு விஷயத்துல, பெல்ஜியத்துல பீருக்கு 16, நெதர்லாந்துல 18. சின்ன முகமா இருந்தா ஐடி கேப்பாங்க.

6. வண்டிய மறந்திடுங்க, ரயிலும் சைக்கிளும்தான்

பெல்ஜியத்துல வண்டி ஓட்டுறவங்க ரத்தத்துல ஆல்கஹால் லிட்டருக்கு 0.5 கிராம்தான் லிமிட், நெதர்லாந்துலயும் அதே. நம்ம ஊர்ல குடிக்கிற சாதா பீர் 5% சுத்தி இருக்கும், வெஸ்ட்வ்லெட்டரன் பன்னிரண்டு ஒரு கிளாஸ் குடிச்சா அதுல ரெண்டு சின்ன பாட்டில் (330 மில்லி) குடிச்ச கணக்கு. பெல்ஜியத்துல புடிச்சா ஸ்பாட் ஃபைன் 179 யூரோல ஆரம்பிக்குது, மூணு மணி நேரம் ஸ்டியரிங்க தொடக் கூடாது, அளவு ஏற ஏற கோர்ட் வரைக்கும் போகும். வெளிநாட்டுல வேலை பாக்குற நமக்கு அந்த ரெக்கார்டு தேவையா? காருல போறதா இருந்தா ஒருத்தர் கண்டிப்பா குடிக்காம இருக்கணும், கிளம்புறதுக்கு முன்னாடியே அது யாருன்னு பேசிடுங்க. இந்திய லைசன்ஸ் வச்சு வாடகை கார் எடுக்கிறவங்க ஊர்லயே ஆர்டிஓ ஆஃபீஸ்ல இன்டர்நேஷனல் பர்மிட் வாங்கிட்டு வாங்க, இங்க வந்து வாங்க முடியாது. சைக்கிளுக்கும் அதே 0.5 தான், அதனால ஒரு பீர், சாப்பாடு, நடை, ரெண்டு மணி நேரம் கழிச்சு சைக்கிள், இப்படித்தான் நான் போறேன்.

வெஸ்ட்வ்லெட்டரனுக்கு ரயில் போப்பரிங்க வரைக்கும், அதுதான் அந்த லைன்ல கடைசி ஸ்டேஷன், பிரஸ்ஸல்ஸ்ல இருந்து ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும். அங்கேருந்து மடம் ஏழு கிலோமீட்டர் போல. சாதா பஸ்ஸ நம்பாதீங்க, ஆப்ல முன்கூட்டியே கூப்பிடுற ஃப்ளெக்ஸ் பஸ் இருக்கு, அதுவும் நீங்க நினைச்ச நேரத்துக்கு கிடைக்காது. வாடகை சைக்கிள்தான் சரி. ரோட்டோரமா பலகைல சைக்கிள் பாதைச் சந்திப்புக்கு நம்பர் போட்டிருக்கும், அந்த நம்பர வரிசையா ஒரு துண்டு பேப்பர்ல எழுதி வச்சுக்கிட்டா மேப்பே வேணாம், கண்ணுக்கு எட்டுன வரைக்கும் பீருக்குக் கசப்பு குடுக்குற ஹாப்ஸ் கொடித் தோட்டம், பந்தல் போட்டு ஏத்தி விட்டிருப்பாங்க, தூரத்துல இருந்து பாத்தா வெத்தலக் கொடிக்கால் மாதிரியே இருக்கும்.

ஓர்வாலுக்கு ஃப்ளோரென்வில் ஸ்டேஷன், அங்கேருந்து எட்டு கிலோமீட்டர் சுத்தி, மேடும் பள்ளமுமா இருக்கும், சைக்கிள் பழக்கம் இல்லாதவங்க டாக்சிய மொத நாளே போன் பண்ணி சொல்லி வைங்க. ஸ்டேஷன் வாசல்ல டாக்சி நிக்கும்னு நினைச்சு இறங்குனா யாருமே இருக்க மாட்டாங்க. திரும்பி வர்ற வண்டியையும் அப்பவே பேசிடுங்க.

ரயில் டிக்கெட் உள்நாட்டுக்குள்ள எப்ப வாங்கினாலும் விலை ஏறாது, முன்னாடியே வாங்கணும்னு அவசரம் இல்ல, ஆனா ஏறுறதுக்கு முன்னாடி வாங்கிடணும், உள்ள போயி வாங்குனா கூடுதல் காசு. ஊரு பேரு ரெண்டு மொழில இருக்கிறது இன்னொரு குழப்பம், போர்டுல "ஈப்பர்"னு இருக்கும் நீங்க "ஈப்ர்"ன்னு தேடிட்டு இருப்பீங்க, "லீஜ்" டச்சுல "லூய்க்", "மோன்ஸ்" டச்சுல "பெர்கன்". பிரஸ்ஸல்ஸ் தவிர, ரயில் எந்தப் பகுதில ஓடுதோ அந்த மொழில மட்டும்தான் அறிவிப்பு வரும். போற ஊரோட ரெண்டு பேரையும் எழுதி வச்சுக்கோங்க.

7. வெஸ்ட்வ்லெட்டரன் பெட்டி வாங்கணும்னா

மடத்து கேட்ல இருந்து மரப்பெட்டில 24 பாட்டில் வாங்குறது தனி வேலை. முன்னாடி போன்ல மட்டும்தான் புக் பண்ண முடியும், மணிக்கணக்குல எங்கேஜ் டோன்தான் கேக்கும். 2019ல இருந்து ஆன்லைன்ல வந்துடுச்சு. மொதல்ல மடத்தோட வெப்சைட்ல உங்க பேர்ல அக்கவுண்ட் திறக்கணும். விற்பனை தேதி நேரம் எல்லாம் அங்கயே போடுவாங்க. புதுசா வர்றவங்களுக்கும், வாங்கி ரொம்ப நாளானவங்களுக்கும் வரிசைல முன்னுரிமை இருக்கு, அதனால மொத தடவ முயற்சி பண்றவங்க பயப்படாதீங்க.

கவனிக்க வேண்டியது கார் நம்பர். பெட்டிய எடுக்க வர்ற காரோட நம்பர் பிளேட்ட ஆர்டர்லயே குடுக்கணும், அந்த கார்ல, அந்த நாள், அந்த நேரத்துக்குப் போகணும். வாடகை கார்ல நம்பர் முன்னாடியே தெரியாதே, அதனால ஊர்ல இருந்து வர்ற டூரிஸ்ட்டுக்கு இது ஏறக்குறைய நடக்காத காரியம், இங்க சொந்த கார் வச்சிருக்கிற நண்பர் இருந்தா மட்டும் பாருங்க. ஒருத்தருக்கு எத்தன பெட்டின்னு கட்டுப்பாடு இருக்கு, திரும்ப விக்க மாட்டேன்னு ஒத்துக்கணும், அந்த வார்த்தைய காப்பாத்துங்க. பெட்டிக்கும் பாட்டிலுக்கும் டெபாசிட் உண்டு, திரும்பக் குடுத்தா காசு வரும். இது எல்லாம் முடியாதுன்னா கவலையில்ல, கஃபேக்குள்ள இருக்குற கடைல ஸ்டாக் இருக்கிற நாள்ல சின்ன பேக் விப்பாங்க, காலைல போறவங்களுக்கு அதிர்ஷ்டம்.

8. மேசைல உக்காந்தப்புறம்

மொதல்ல சாப்பாடு சொல்லுங்க. வெறும் வயித்துல 9, 10% பீர் வேண்டவே வேண்டாம். சைவம்னா சீஸ் க்ரோக்கெட், சூப், மடத்து சீஸ் போட்ட ப்ரெட், இவ்ளோதான் இருக்கும். முழு சைவம் பாக்குறவங்க சீஸ்ல பால உறைய வைக்கிற ரென்னட் மிருகத்துல இருந்து எடுத்ததான்னு கேட்டுக்கோங்க, பழைய முறை சீஸ்ல பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், சூப்பையும் எந்த ஸ்டாக்ல வச்சதுன்னு கேளுங்க.

லைட்டானதுல ஆரம்பிச்சு கனமானதுக்குப் போங்க. எடுத்ததும் பன்னிரண்டாம் நம்பர குடிச்சிட்டு அப்புறம் ப்ளாண்ட் குடிச்சா தண்ணி மாதிரி தெரியும், உண்மைல அந்த ப்ளாண்ட்தான் எனக்கு அங்க பிடிச்ச பீர், கசப்பும் வாசனையும் சுத்தமா இருக்கும். மூணு பேர் போனா மூணு வகை வாங்கி மாத்தி மாத்தி ருசி பாருங்க, ஆளுக்கு ரெண்டு கிளாஸ் மேல வேண்டாம். ஐஸ் மாதிரி குளிர்ந்து வரலன்னு புகார் சொல்லாதீங்க, 12, 14 டிகிரில குடுக்கிறதுதான் முறை, அப்பதான் உலர்ந்த பழம், வெல்லப்பாகு மாதிரி வாசன எல்லாம் மேல வரும். பாட்டில் அடில ஈஸ்ட் படிஞ்சிருக்கும், ஊத்துறப்போ கடைசி ஒரு விரக்கடை விட்டுடுங்க, வேணுங்கிறவங்க அத தனியா சின்ன கிளாஸ்ல குடிக்கிறாங்க.

மடத்து கேட்டுக்குள்ள எட்டிப் பாக்குறது, துறவிங்கள ஃபோட்டோ எடுக்கிறது, வாசல்ல ரீல்ஸ் போடுறது, இதெல்லாம் வேண்டாங்க, அது அவங்க வீடு. ஜெப நேரத்துல கோயிலுக்குப் போகலாம், யாரு வேணா பின்னாடி உக்காரலாம், குடிக்கிறதுக்கு முன்னாடி போங்க. சித்தப்பா பையன் சும்மா பாத்துட்டு வர்றேன்னு ஓர்வால் கோயிலுக்குள்ள போனான், வெள்ளை அங்கில துறவிங்க மெதுவா பாடுறத கேட்டுட்டு முக்கால் மணி நேரம் எந்திரிக்கவே இல்ல, வெளில வந்து ரொம்ப நேரம் பேசவும் இல்ல. பீருக்காக வந்தவன் ஊருக்குப் போயும் மொதல்ல அதத்தான் சொல்றான்.

சில மடத்துல விருந்தினர் விடுதி இருக்கு, அத ஹோட்டல்னு நினைச்சு புக் பண்ணாதீங்க, அமைதிக்கும் ஜெபத்துக்கும் வர்றவங்களுக்கானது அது, மாசக் கணக்குல முன்னாடியே எழுதிக் கேக்கணும்.

9. எவ்ளோ ஆகும்

நான் போனப்போ குடுத்தத சொல்றேன், கொஞ்சம் ஏறியிருக்கும். கஃபேல ஒரு பீர் 5ல இருந்து 8 யூரோ, சாப்பாடு 12ல இருந்து 22 வரைக்கும். வாடகை சைக்கிள் நாளுக்கு 15 சுத்தி, நெதர்லாந்துல இருக்கிறவங்களுக்கு ஸ்டேஷன்லயே கிடைக்கிற ஓவி ஃபீட்ஸ் சைக்கிள் 5 யூரோ சுத்திதான், டில்பர்க் போக அது போதும். பிரஸ்ஸல்ஸ்ல இருந்து போப்பரிங்க ரயில் ஒரு வழிக்கு 20 போல. லா டிராப் டூர் 15, 20க்குள்ள, ஓர்வால் இடிபாடும் ஷிமே கண்காட்சியும் ஒவ்வொண்ணும் 10க்குள்ள. கிராமத்து டாக்சிதான் கை கடிக்கும், எட்டு கிலோமீட்டருக்கு 25, 30 கேப்பாங்க. மொத்தத்துல ஒரு மடத்துக்கு ஒரு நாள் போயிட்டு வர ஆளுக்கு 80ல இருந்து 100 யூரோ எடுத்து வைங்க. கார்டு எல்லா இடத்துலயும் ஓடும், இருந்தாலும் டாய்லெட்டுக்கு சில்லறை வச்சுக்கோங்க, சில இடத்துல காசு கேப்பாங்க.

10. பாட்டில ஊருக்கு கொண்டு போறது

இந்தியாவுக்குள்ள ஒரு ஆளுக்கு டியூட்டி இல்லாம 2 லிட்டர் மதுபானம் கொண்டு போகலாம். இந்த பாட்டில் ஒவ்வொண்ணும் 330 மில்லி, ஆறு பாட்டில்னா 1.98 லிட்டர், சரியா உக்காந்துடும். ஏழாவது ஒண்ணு சேத்தா கஸ்டம்ஸ்ல பேச வேண்டி வரும். எல்லாம் செக்-இன் பெட்டிலதான் போகணும், கைப்பைல 100 மில்லி விதி. ஒவ்வொரு பாட்டிலையும் காலுறைக்குள்ள விட்டு, ஜிப் கவர்ல போட்டு, பெட்டி நடுவுல துணி சுத்தி படுக்க வைங்க, பாட்டில் பாட்டில தொடக்கூடாது. டிரான்சிட்ல வளைகுடா நாட்டு ஏர்போர்ட்ல வெளில போற பிளான் இருந்தா அந்த ஊர் மது விதிய தனியா பாத்துக்கோங்க.

ஆறுல எதெதுன்னு கேட்டா, வெஸ்ட்மாலெ டிரிப்பெல் ரெண்டு, ரோஷ்ஃபோர் பத்து ரெண்டு, ஓர்வால் ரெண்டுன்னு நான் அனுப்பினேன், மூணும் சாதா சூப்பர் மார்க்கெட்லயே கம்மி விலைல கிடைக்கும். ஓர்வால் லேபிள்ல அடைச்ச தேதி போட்டிருக்கும், ரெண்டும் வேற வேற மாசமா பாத்து எடுங்க. வீட்டுக்குப் போனதும் உடனே திறக்காதீங்க, ஃப்ளைட்ல குலுங்கி ஈஸ்ட் மேல கலங்கியிருக்கும், வெயில் படாத இடத்துல ரெண்டு நாள் நிமிர்த்தி வைங்க, திறக்கிறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி ஃப்ரிட்ஜ் கதவுப் பக்கம் மாத்துங்க, ஃப்ரீசர்ல மட்டும் வைக்காதீங்க.